முன்வரிசை இருக்கை

கல்யாணமான நாளிலிருந்து எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். ரயில் இன்ஜின் டிரைவரைக் கட்டிக்கொண்டவளுக்கு ரயிலில் ஊர் சுற்றக் கொடுத்து வைக்கவில்லை. அவர் எப்போதும் இன்ஜினில், நான் எப்போதும் என் தையல் கடையில். திடீரென்று இந்த வருஷம் மனுஷன் தானாகவே வந்து, "லீவு போட்டுட்டேன். வெளிநாட்டுல மலை, ஏரின்னு ரயில்லயே சுத்திப் பாக்கிற டூர். கிளம்பு" என்றார். மழை கொட்டப் போகிறது என்று நினைத்துக்கொண்டே பெட்டி கட்டினேன்.

விமானத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்தே வந்ததில் கால் பூசணிக்காயாக வீங்கியது. பகல் எது, ராத்திரி எது என்று உடம்புக்குப் புரியவில்லை. பல் தேய்க்கும்போது தூங்கினேன், படுக்கையில் கொட்டக் கொட்ட விழித்தேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இவர் பண்ணிய கூத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

டூரில் எங்களுக்குக் கொடுத்தது நடுப்பெட்டியில், ஆளுயரக் கண்ணாடி ஜன்னலை ஒட்டி, மெத்து மெத்தென்ற இருக்கை. இவர் முதல் நாளே டிக்கெட் பரிசோதகரிடம் கையைக் காலை ஆட்டிப் பேசி, முதல் பெட்டியின் முன்வரிசைக்கு மாற்றி வாங்கிவிட்டார். அங்கே டிரைவர் அறைக்கும் நமக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். டிரைவர் பார்க்கிற தண்டவாளம் அப்படியே நமக்கும் தெரியும். பக்கத்து ஜன்னலோ சாப்பாட்டுத் தட்டு அளவு.

"ஏரி வருதுங்க, இந்தப் பக்கம் பாருங்க."

"பச்சை" என்றார்.

"ஏரி நீலமா இருக்கு."

"நான் சிக்னலைச் சொன்னேன்."

இன்ஜினில் அது விதி. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். உதவி டிரைவர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி, அதை இங்கே யார் கேட்டார்கள்? ஏரி போயிற்று. அருவி போயிற்று. பனி மூடிய மலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது, அதுவும் போயிற்று. இவர் கழுத்தை நீட்டிக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி "பச்சை, பச்சை" என்கிறார். "நீயும் திருப்பிச் சொல்லேன்" என்று எனக்கு உத்தரவு வேறு.

"நான் என்ன உங்க உதவி டிரைவரா? சம்பளம் குடுங்க, சொல்றேன்."

மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனைக் கடுப்பேற்றியே தீருவது என்று, அவர் வாயைத் திறக்குமுன் நானே கத்த ஆரம்பித்தேன். தூரத்தில் பொட்டாகத் தெரிந்ததுமே "பச்சை!" அடுத்ததற்கு "மஞ்சள்!" நூல்கண்டில் மாம்பழ மஞ்சளையும் எலுமிச்சை மஞ்சளையும் பார்த்ததும் பிரிக்கிறவளுக்கு இதென்ன பிரமாதம்? பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். இவர் கோபப்படுவார் என்று பார்த்தால், நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

எனக்கு என்னவோ போலிருந்தது. "எங்க, இப்ப நீங்க முதல்ல சொல்லுங்க" என்று வாயை மூடிக்கொண்டேன்.

வளைவு திரும்பியதும் சிக்னல் பளிச்சென்று தெரிந்தது. அவர் கண்ணை இடுக்கினார். வண்டி வேகம் குறைந்து, சிக்னலுக்கு வெகு கிட்டே போன பிறகுதான் "மஞ்சள்" என்றார்.

அவர் பக்கம் திரும்பினேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியல. நம்ம லைன்ல எந்த சிக்னல் எங்க இருக்கு, எந்த நேரத்துக்கு என்ன விழும்னு எல்லாம் மனப்பாடம். பாத்துச் சொல்றேனா, பழக்கத்துல சொல்றேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தெரியாத லைன்ல இப்படி முன்னாடி உக்காந்து பாத்தாதானே தெரியும்?"

"அதுக்கா இவ்வளவு தூரம்? உங்களுக்கென்ன கிறுக்கா? உங்களை நம்பிப் பின்னாடி பெட்டி பெட்டியா ஜனம் தூங்கிட்டு வருதே! கண் டாக்டர்கிட்ட போனா என்ன?"

"போனா அன்னிக்கே இன்ஜினை விட்டு இறக்கிருவாங்க. அப்புறம் ஆபீஸ் நாற்காலிதான். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"உதவி டிரைவர் இருக்காரே, அவர் சொல்ல மாட்டாரா?"

"அவருக்கு என்மேல ரொம்ப மரியாதை. நான் என்ன சொன்னாலும் அதையே சொல்றார். அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நீ ஒரு நாளும் எனக்கு ஆமா போட்டதில்ல."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. தலையில் அடித்துக்கொண்டேன். வாயாடி, அடங்காப்பிடாரி என்று இத்தனை வருஷம் நான் வாங்கிய பட்டமெல்லாம் இதற்குத்தானா?

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துருவோம்" என்றார். "தப்பாச் சொன்னேன்னா ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். இனிமே ஏற மாட்டேன். நீ பொய் மட்டும் சொல்லிடாதே."

வண்டி நேர்த் தண்டவாளத்தில் ஓடியது. தூரத்தில் சிக்னல் வந்தது. அவர் முன்னால் சாய்ந்தார். இந்தத் தடவை கிட்டே போகும்வரை காத்திருக்கவில்லை.

"பச்சை" என்றார்.

கல்யாணமாகி முதல் முறையாக, இவருக்கு ஆமாம் போட்டுவிட வேண்டும் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இல்லீங்க" என்றேன். "மஞ்சள்."

"மஞ்சள்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஆபீஸ் நம்பரைப் போட்டுக் குடு."