சந்து மூலையில் பெட்டி

“பின்னாடி எடுங்க, பின்னாடி! கால் பக்கம் இடிக்குது!”

தனசிங் போட்ட சத்தத்தில் பெட்டியைச் சுமந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வீட்டு வாசலிலிருந்து புறப்படும் ஒடுக்கமான சந்து, கொஞ்ச தூரத்தில் சட்டென்று மடங்கி, ரோட்டுக்கு ஏறும் அகலமான சந்தில் சேரும். அந்த மூலையில்தான் ஞானசீலனின் சவப்பெட்டி குறுக்கே நின்றுவிட்டது. ஒரு பக்கம் மலை சரியாமலிருக்க ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய கருங்கல் சுவர். இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறையின் மூலை. மேலே அந்த வீட்டுத் தகரக் கூரை.

“வர்றப்ப வந்துச்சே, போறப்ப எப்படிய்யா போகாது?” என்று தனசிங் சவப்பெட்டிக்கடை ஜாபேஸைப் பிடித்துக்கொண்டார். இறந்தவருக்கு அண்ணன் அவர். அருவங்காடு குவார்ட்டர்ஸிலிருந்து விடியும்போதே வந்திருந்தார்.

ஜாபேஸ் தலையைச் சொறிந்தான். “வர்றப்ப காலிப் பெட்டிங்க. மூலையில நட்டக்குத்தலா நிறுத்திக் கொண்டாந்தோம். குன்னூர்ல எல்லா ஊட்டுக்கும் அப்படித்தானுங்க பழக்கம். சார் இத்தன உயரம்னு இதை நீளமா செஞ்சது, அப்பத் தோணலீங்க.”

உள்ளே சாரை வைத்துக்கொண்டு பெட்டியை நட்டக்குத்தலாக நிறுத்தமுடியாது. வேறு வழியில்லாமல் பெட்டி வீட்டுக்குத் திரும்பியது. ஜெபம் முடிந்து அழுது அனுப்பிய பெண்கள் மறுபடி எழுந்து இடம்விட்டார்கள். மனைவி எல்சாவுக்கு அழுகையைவிட முதலில் வந்தது எரிச்சல்தான். இந்த மனுஷன் எதையும் ஒரே தடவையில் முடித்ததில்லை.

“ஒண்ணு பண்ணலாம். தம்பியப் போர்வையில எடுத்து ரோட்டுக்குக் கொண்டு போயிருவோம். பெட்டிய அங்க நிறுத்திக் கொண்டாந்து, உள்ள வெச்சுக்கலாம். கோயில்ல ஆராதனைக்கு நேரமாகுது” என்றார் தனசிங்.

“வேண்டாங்க அத்தான்.”

“பின்ன என்ன பண்றது எல்சா?”

“போர்வையில மடக்கித் தூக்கக்கூடாதுங்க. அவ்வளவுதான்.”

சொன்னவிதத்தில் பாஸ்டரே திரும்பிப் பார்த்தார். கடைசி வருஷம் முழுக்க ஞானசீலனை டயாலிசிஸுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் மடக்கி உட்காரவைத்து, இதே சந்து வழியாக ஆம்புலன்ஸ்வரை தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளை ஆட்டிவைத்த ஆள், ரோடு வரும்வரை கண்ணைத் திறக்கமாட்டார். “கடைசியாப் போறப்பவாவது காலை நீட்டிப் படுத்துட்டுப் போகோணும் எல்சா. யாரும் என்னைய மடக்கக்கூடாது” என்று ஒருநாள் சொன்னார். அதிகம் கேட்காத ஆள் கேட்டது அது ஒன்றுதான்.

அப்போது முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பா என்று எல்லோரும் திரும்பினார்கள். ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சாரிடம் ப்ளஸ் டூ படித்துவிட்டு, இப்போது அவளும் கணக்கு டீச்சர்.

“மன்னிச்சுக்கங்க ஆண்ட்டி. இது பெஞ்சுக் கணக்கு. சார் எங்களுக்குக் குடுத்த அதே கணக்குங்க!”

ஜீவிதாவோடு படித்தவர்களும் இப்போது படிக்கிறவர்களுமாக முற்றம் நிறைந்திருந்தது. சொல்லிவைத்தாற்போல் எல்லோருக்கும் முகம் மாறியது. வகைநுண்கணிதத்தில் பெருமம் சிறுமம் பாடம் வந்தால் ஞானசீலன் கரும்பலகைப் பக்கமே போகமாட்டார். வகுப்பு பெஞ்சைத் தூக்கச்சொல்லி வராந்தா மூலையில் திருப்பவிடுவார். எவ்வளவு நீளம்வரை திரும்பும், எந்தக் கோணத்தில் மாட்டும் என்று பிள்ளைகள் சண்டைபோட்டு ஓய்ந்தபிறகுதான் சூத்திரம். ஹெட்மாஸ்டர் கத்தாத வருஷம் கிடையாது.

வீட்டிலும் இதே கூத்துதான். எந்த அட்டைப்பெட்டி அதிகம் கொள்ளும் என்று பார்க்க எல்சாவின் டீத்தூள் டப்பாவைக் காலி செய்வார். “எல்சா, ஒரே ஒரு தடவ தள்ளிப் பாரேன்” என்று அட்டையில் எதையாவது வெட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பார். “எனக்கு வேலை கிடக்குது, போங்க” என்பாள். போய்விடுவார். மறுநாள் வேறொன்றோடு வருவார்.

ஜீவிதா குடையை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினாள். இரண்டு சந்தின் அகலத்தையும் குடையால் அளந்தாள். இன்னொருத்தி பெட்டியை அளந்துவந்தாள். ஜன்னலில் கிடந்த சாக்பீஸால் முற்றத்து சிமெண்டில் சந்து சின்னதாக, மடங்கிய கோடாக விழுந்தது. பிஸ்கட் அட்டையில் பெட்டி தயாரானது.

“போகாதுடி, மாட்டும்!”

“ஏய், அவசரப்படாத. கோணத்தை மாத்து!”

“உள்மூலையத் தொட்டமாதிரியே கொண்டு வா!”

சத்தம் வகுப்பறை மாதிரி ஏறியது. பாஸ்டர்கூட அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அட்டை மாட்டியது. வேறு கோணத்திலும் மாட்டியது. “நூலளவுல மாட்டுது” என்று ஜீவிதா உதட்டைக் கடித்தாள்.

எல்சா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அறியாமல் இறங்கிவந்தாள்.

“பெட்டி இப்படி இல்லியே ஜீவிதா. நீ செங்கல்லு மாதிரி வெட்டியிருக்கற. அது தோள்கிட்ட அகலம், கால்கிட்ட ஒடுக்கமில்ல?”

“அய்யோ, ஆமாங்க ஆண்ட்டி!” என்று ஜீவிதா கத்தரியை எடுத்தாள். அட்டையை ஒடுக்கி வெட்டினாள். காலை முன்னால் வைத்துத் தள்ளினாள். கால் திரும்பிவிட்டது. தோள் உள்மூலையில் தட்டியது.

“குடு இங்க” என்றாள் எல்சா.

சிமெண்டில் சம்மணம்போட்டு உட்கார்ந்தாள். அட்டையை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள். பிறகு அட்டையைத் திருப்பி, தலையை முன்னால் வைத்துத் தள்ளினாள். அகலமான தோள் அகலமான சந்துக்குள் முதலில் போய்விட்டது. ஒடுக்கமான சந்தில் ஒடுக்கமான காலே மிச்சம் இருந்தது. மூலையில் மாட்டாமல் அட்டை வழுக்கிக்கொண்டு திரும்பியது.

“போச்சு!” என்றாள் எல்சா. “ஏ, போச்சு பாரு!” இன்னொரு தடவை தள்ளினாள். இன்னொரு தடவையும் போனது. அவளுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டவேண்டும் போலிருந்தது.

“தலை முன்னாடியா?” தனசிங்குக்கு முகம் சுருங்கியது. “கால் முன்னாடி போறதுதான வழக்கம். சனம் என்ன பேசும்?”

எல்சா பாஸ்டரைப் பார்த்தாள்.

“வேதத்துல அப்படி ஒண்ணும் எழுதியில்லீங்களே” என்றார் பாஸ்டர். அவருக்கும் அட்டையைவிட்டுக் கண் எடுக்கமுடியவில்லை. “ரோட்டுக்குப் போனதும் திருப்பிக்கலாம்.”

“அட்டை போகும். பெட்டி போகணுமே?” தனசிங் விடுவதாக இல்லை. “மறுபடி தம்பியக் கொண்டுபோயி மாட்டிக்கிட்டா?”

“மூடி இருக்குதுங்களே” என்று ஜாபேஸ் பாய்ந்தான். “மூடியும் பெட்டியும் ஒரே அளவுதானுங்க!”

மூடியைப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டு, தலைப்பக்கம் முன்னால் இருக்க, பிள்ளைகள் சந்தில் நடந்தார்கள். எல்சாவும் பின்னாலேயே போனாள். செருப்புப் போட மறந்திருந்தாள். கல்லெல்லாம் பனியில் சில்லிட்டிருந்தது. “உள்மூலையத் தொட்டே வாங்க, தொட்டே வாங்க” என்று ஜீவிதா பின்னோக்கி நடந்தபடி சொன்னாள். தோள்பக்கம் மூலையைத் தாண்டியது. கால்பக்கம் கருங்கல்லை உரசுவதுபோல் வந்து, உரசாமல் திரும்பியது. மூடி மறுபக்கச் சந்தில் நேராக நின்றது.

ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தனசிங்கும் தட்டிவிட்டு, தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

எல்சா நிற்கவில்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கினார்கள். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள்.

“ஏனுங்க! போயிருச்சுங்க!”

அறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு நின்றது. பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். எல்சா கதவருகில் நின்றாள். பெட்டியில் அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

அவள் மெல்ல நடந்துபோய், பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அட்டை கையிலேயே இருந்தது. வேர்த்த கையில் அதன் ஓரம் நமத்துப்போயிருந்தது. “தோளு முதல்ல போகோணுமுங்க” என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “ஏன்னா நம்ம ஊட்டுச் சந்து ஒடுக்கம், அந்தப் பக்கம் அகலம். பாருங்க, இப்படி…”

தூக்குகிறவர்கள் உள்ளே வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தனசிங் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் பெட்டியைத் தொடவில்லை.