அரளி என்று ஒட்டிய ஸ்லைடு

அந்த ஆய்வகத்தின் தலைவருக்குத் தான் ஒரு மேதை என்று நினைப்பு. அந்த நினைப்பில் பங்கு கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. தேனைப் பார்த்தே தேனீ எந்தப் பூவுக்குப் போனது என்று சொல்கிற இடம் அது. தேனைத் தண்ணீரில் கரைத்துச் சுழற்றி, அடியில் தங்கும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, பூவின் பெயர் ஒட்டிய மாதிரி ஸ்லைடுகளோடு ஒப்பிட வேண்டும். பொறுமைசாலிகளின் வேலை. இவரோ உட்காரும்போதே எழுந்திருக்கும் அவசரத்தில் இருப்பவர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் மனசுக்குள் அவரை 'மேதாவி' என்றுதான் கூப்பிடுவாள்.

அவருக்கு அடுத்தபடியாக அவள் மதிக்காத ஆள் அக்கா புருஷன். தேன் பெட்டிகள் வைத்திருந்தான். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டது அக்கா, பெருமையைப் பார்த்துக்கொண்டது அவன். வாய் கிழியப் பேசுவான். வேலை என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அன்று அக்காவும் அவனும் ஆய்வகத்துக்கே வந்து நின்றார்கள். அக்காவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"நாளைக்குக் காலைல அதிகாரிங்க வந்து பெட்டியெல்லாம் கொளுத்தப் போறாங்களாம்டி. நம்ம தேன்ல அரளி இருக்காம். சாப்பிட்ட யாருக்கோ வாந்தியாம். உங்க ஆபீஸ்தான் எழுதிக் குடுத்திருக்கு."

அவள் விடுப்பில் இருந்தபோது மேதாவியே பார்த்து எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

மிச்சமிருந்த தேனை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். எங்கு பார்த்தாலும் முக்கோணம். தைலமரம்! நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பிறகு இழுப்பறையிலிருந்து 'அரளி' என்று ஒட்டிய ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே முக்கோணம். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதிரி எடுக்க விரியாத மொட்டைத்தான் பறிக்க வேண்டும். விரிந்த பூவில் ஊரார் வீட்டுத் தூளெல்லாம் ஒட்டியிருக்கும். அதிலும் அரளி தன் மகரந்தத்தைத் தொண்டைக்குள் ஒளித்து வைத்திருக்கும் பூ. மேதாவி வாசல் வேலியில் மலர்ந்து கிடந்ததைப் பறித்து, கண்ணாடிமேல் ஒரு தட்டுத் தட்டிப் பெயரை ஒட்டிவிட்டார். வேலிக்குமேல் ஒரு தைலமரம் குடை பிடித்து நிற்பதை அண்ணாந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. மரம் கொட்டியது புதரின் கணக்கில் ஏறிவிட்டது.

அவள் ஓடிப்போய் ஒரு மொட்டைப் பறித்து வந்து, ஊசியால் கீறிப் புது ஸ்லைடு செய்தாள். உருண்டை உருண்டையாக இருந்தது அசல் அரளி. இரண்டையும் எடுத்துக்கொண்டு மேதாவியின் அறைக்கு நடந்தபோது அவளுக்கு ஏக சந்தோஷம். அக்காவின் கண்ணீர்கூட அந்த நிமிஷம் இரண்டாம் பட்சம்தான்.

மேதாவி பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு நிமிர்ந்து அக்கா புருஷனிடம் கேட்டார்: "தேன் பிடிச்ச பாட்டில் சுத்தமா இருந்துச்சா?"

"சார், பாட்டிலுக்கும் இதுக்கும் என்ன..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அழுக்கு பாட்டில்தான் சார்!" என்று அவன் குறுக்கே பாய்ந்தான். "கழுவாம பிடிச்சுக் குடுத்துட்டேன். என் தப்புதான். உங்க கண்ணு இல்லேன்னா இத யாரு கண்டுபிடிச்சிருப்பா?"

அவளுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. அக்கா அவள் முழங்கையை நறுக்கென்று கிள்ளினாள். மேதாவி கடகடவென்று எழுதினார்: முதல் மாதிரி அழுக்கு பாட்டிலால் கெட்டது, மறு சோதனையில் சுத்தமான தைலமரத் தேன். முத்திரை குத்தி, "நீயும் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று தள்ளினார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் போட்டாள். அவர் அவளுடைய ஸ்லைடைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தன்னுடையதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அக்கா தாளை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாகப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். பின்னால் வந்த அக்கா புருஷனைத் தங்கை வாசலில் மடக்கினாள்.

"வெக்கமா இல்ல அத்தான்? அந்தாளு கால்ல விழாத குறைதான்."

"எதுக்கு வெக்கம் கொழுந்தியா? நீ உள்ள போனது உங்கக்கா பெட்டியக் காப்பாத்தவா, அந்தாளு மூக்க உடைக்கவா? மூக்கு உடைஞ்சிருந்தா அவன் கையெழுத்துப் போட்டிருப்பானா?"

அந்த வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு உருப்படியான வார்த்தை வந்ததில்லை. இன்றைக்கென்று பார்த்து வந்ததே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் வந்து நின்றது. அக்கா படியில் ஏறித் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். புருஷனை.