ஆளில்லாத ஆலையின் படம்

எண்ணெய் ஆலை மூடி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் கத்தரினா அதற்குள்தான் குடியிருந்தாள். ஒரு காலத்தில் அங்கே கொப்பரை வெட்டிய கை அவளுடையது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு குறிஞ்சிப்பிட்டிக் கரையில் அவளுக்கென்று ஒரு பாய் விரிக்கிற அளவு நிலமும் இல்லை. பொயிலர் அறையில் அடுப்பு மூட்டினாள், தன் இரண்டு பெட்டைப் பிள்ளைகளை வளர்த்தாள். கொழும்பிலிருந்த முதலாளி ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு பின்னேரம் படப்பெட்டியோடு அல்பிரட் வந்திறங்கினான். பாழடைந்த ஆலைகளையும் கிட்டங்கிகளையும் தேடித் தேடிப் படம் பிடிப்பது அவனுக்கு ஒரு பைத்தியம். வந்ததும் வராததுமாக மூக்கைப் பொத்தினான்.

“சீ! என்ன குப்பை இது? கொடியில சட்டை, சுவரெல்லாம் கரி. ஆள் இல்லாத ஆலைதான் எனக்கு வேணும். எல்லாத்தையும் எடு.”

“இது என்ர வீடு, மாத்தயா. விருப்பமில்லாட்டி வந்த வழியால போங்கோ.”

“வீடோ? சட்டையோடயே படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பட்டோ? நாளைக்கே பொலிஸ் வந்து இழுத்து எறியும்.”

கத்தரினா மனதுக்குள் சபித்தாள். இவன் நாசமாய்ப் போகமாட்டானா! ஆனால் பெட்டைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? சட்டி, பானை, பாய், மாடத்தில் இருந்த அந்தோனியார் சுரூபம், எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்த் தாழம்பற்றைக்குள் ஒளித்தாள். அதோடு விட்டாளா? குப்பை என்றானே, அதுதான் பொறுக்கவில்லை. ஈர்க்குமாற்றை எடுத்தாள். கூரை விழுந்து மணலும் சருகும் ஏறிக்கிடந்த பெரிய கூடத்தை, வாசலிலிருந்து பொயிலர் வரைக்கும் ஆத்திரத்தோடு கூட்டித் தள்ளினாள்.

“ஆரடி உன்னைக் கூட்டச் சொன்னது? சருகெல்லாம் போச்சு!” என்று அல்பிரட் குதித்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திட்டித் திட்டியே படத்தை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வருஷம் கழித்து, யுத்தத்தில் எண்ணெய் விலை ஏறியதும் முதலாளிக்கு ஆலை ஞாபகம் வந்தது. வெளியேறு என்று வழக்குப் போட்டார். புத்தளத்தில் மனு எழுதும் ஜபார் காக்காதான் அவளுக்குச் சட்டம் சொன்னார்: “பத்து வருசம் ஒருத்தரும் தடுக்காம இருந்தா எடம் ஒனக்குத்தான், புள்ள. பயப்புடாத.”

கோட்டிலே நீதிபதிக்கு முன்னால், முதலாளிக்காக வாதாட வந்த அப்புக்காத்து அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். மூலையில் மூன்று வருஷத்துக்கு முந்திய திகதியும் இருந்தது; அன்று அங்கே ஆளில்லையென்றால் பத்து வருஷக் கணக்கு எங்கே நிற்கும்? சாட்சிக்கூட்டில் அல்பிரட் நின்றான்.

“நான் போகேக்க அங்க ஒரு குருவிகூட இல்லை. வருஷக்கணக்கா மனிசர் கால் படாத இடம்.”

வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்ன பச்சைப் பொய்! கத்தரினா படத்தைப் பார்த்தாள். அடுப்பில்லை, பாயில்லை, அந்தோனியாரும் இல்லை. என் கையாலேயே என்னை அழித்துவிட்டேனே என்று நினைத்தாள். பிறகு அவள் கண் படத்திலிருந்த தரையில் போய் நின்றது.

“ஐயா, இந்த மாத்தயாவிட்ட ஒண்டு கேக்கட்டோ?”

நீதிபதி தலையசைத்தார்.

“மனிசர் கால் படாத இடத்தில ஈர்க்குமாத்து வரி எப்பிடி வந்தது? ஆர் கூட்டினது?”

நீதிபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். மணலில் வாசல் தொட்டுப் பொயிலர் வரைக்கும் வரிவரியாகத் தெரிந்தது.

“சொல்லுங்கோ மாத்தயா. குருவியோ கூட்டினது?”

கோடே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. “பதில் சொல்லும்” என்றார்.

அல்பிரட் அவளைப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

“இந்த மனிசிதான்.”