மூன்றாவது டிரம்

சந்தானம் மதுவை நாவில் வைத்தவரல்ல. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். தம் ரிட்டயர்மென்ட் விருந்தில்கூட மோர் கேட்டு வாங்கிக் குடித்துக் கேலிக்கு ஆளானவர். அப்படிப்பட்டவர் இந்த அறுபத்து நாலாம் வயதில், காலை ஏழரை மணிக்கு, சங்காரெட்டி தாண்டி ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒயின் கிளாஸில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றார். எதிரே நோட்டும் பென்சிலுமாக மனைவி திரிபுரசுந்தரி. முதல் டிரம் ஒயினை முகர்ந்தாயிற்று.

"ரெண்டாவது எப்படி இருக்கு? அவசரப்படாம சொல்லுங்கோ."

"நாவல்பழம். கொஞ்சம் மழை பெஞ்ச மண்ணு மாதிரி."

அவள் எழுதிக்கொண்டாள்.

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றதும் சுந்தரி இந்த மூன்று ஏக்கரில் திராட்சை வைத்தாள். ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. பசுக்கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைப்பாள். பிறகு தோண்டியெடுத்துத் தண்ணீரில் போட்டு, வலமும் இடமுமாக ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பாள். கல்யாணத்துக்கே பஞ்சாங்கம் பார்க்காத மனிதர், கொடியை வெட்ட வளர்பிறையா தேய்பிறையா என்று பார்க்கும்படி ஆயிற்று. பழத்தைப் பிழிந்த பிறகும் அதே பிடிவாதம்தான். ஈஸ்ட் போட மாட்டாள், கெடாமலிருக்கக் கந்தகம் சேர்க்க மாட்டாள். "திராட்சைக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போறது?" என்பாள். சோதனைக் கருவி என்று ஒன்றும் வாங்கவில்லை. அவளுடைய மூக்குதான் கருவி. மூடியைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அந்த மூக்குதான் இரண்டு மாதம் முன்பு வந்த காய்ச்சலில் போய்விட்டது. வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம், மருந்து கிடையாது என்றார் டாக்டர். விடிந்ததும் பெருங்காய டப்பாவையும் கிராம்பையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்க்கிறாள். அடுப்பில் பால் தீய்ந்தால்கூடத் தெரிவதில்லை. கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் ரஹீமைச் சந்தானம் கேட்டுப் பார்த்தார். அவர் "நக்கோ சாப்", வேண்டாம் என்று காதைத் தொட்டுக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார். மிச்சமிருந்தது சந்தானத்தின் மூக்கு.

"மூணாவது" என்று சுந்தரி கிளாஸை நீட்டினாள்.

பத்து நாளுக்கு முன் இந்த மூன்றாவது டிரம்மில் லேசாக ஒரு வாசனை வந்தது. எங்கேயோ முகர்ந்த வாசனை, நன்றாகவே இருந்தது. "பழவாசனை தூக்கறது" என்றார். வெகுநாள் கழித்து சுந்தரி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் அதையே சொன்னார், அதற்கு மறுநாளும். நேற்று மத்தியானம் அவளுடைய பழைய நோட்டு ஒன்றைச் சும்மா புரட்டியபோது அவள் கையெழுத்தில் இருந்தது: 'நெயில் பாலிஷ் வாசனை வந்தால் அன்றைக்கே டிரம்மைக் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பணும். விட்டால் புளித்துக் காடியாகிவிடும். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.' மகள் நித்யஸ்ரீ கல்யாணத்துக்கு முன்னால் ஹாலில் உட்கார்ந்து நகத்துக்குப் பூசிக்கொள்வாளே, அந்த வாசனை. மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து டன் கணக்கில் இரும்பைத் திருப்பி அனுப்பியவர், ஒரு வருஷ விளைச்சலில் கால்பங்கைப் பழவாசனை என்று சொல்லியே கெடுத்துவிட்டார்.

இப்போது கிட்டே கொண்டுபோய் முகரவே வேண்டியிருக்கவில்லை.

"நெயில் பாலிஷ்" என்றார்.

பென்சில் நின்றது. "இன்னிக்கா?"

"பத்து நாளா. எனக்கு அது பழம்னு தோணித்து, சுந்தரி. நீ சிரிச்சியா, அப்படியே சொல்லிண்டு இருந்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார்; திட்டியிருந்தால் தேவலை. அவள் கிளாஸை வாங்கி முகத்தோடு சேர்த்துக் கண்ணை மூடி, இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். திரும்பத் திரும்ப வாங்கினாள்.

"ஒண்ணுமே தெரியலையேன்னா. தண்ணி மாதிரி இருக்கு."

அவருக்கு அழுகை வந்தது. கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கிப் பலகைமேல் வைத்தார்.

பத்து நாளாகப் 'பழவாசனை' என்று எழுதிய வரிகளை அவள் அடிக்கவில்லை. நாலாவது டிரம்மின் குழாயைத் திறந்து வேறு கிளாஸில் பிடித்தாள். "இதையாவது சரியாச் சொல்லுங்கோ. இதுலயும் வந்திருந்தா ரெண்டாவதுலேர்ந்து எடுத்து நிரப்பணும். அப்புறம் ரெண்டாவதுல காத்து பூந்து அதுவும் நிக்காது."

சந்தானம் முகர்ந்தார். நெயில் பாலிஷ். வெளியே போய் ரஹீமின் பக்கத்தில் நின்று காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தார். அதேதான். டிரம்மிலிருந்து வருகிறதா, தம் மூக்கிலேயே தங்கிவிட்டதா, பயத்தில் அப்படித் தோன்றுகிறதா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலை" என்றார்.

இரண்டு கிளாஸும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எங்கிருந்தோ கடுகளவில், புளித்ததைத் தேடி வரும் பழ ஈ ஒன்று வந்து மூன்றாவது டிரம்மின் கிளாஸ் விளிம்பில் உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அது எழும்பி நாலாவதின் கிளாஸுக்கு மேலே சுற்ற ஆரம்பித்தது. சுந்தரி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பற்றினாள். ஈ இறங்கவுமில்லை, விலகிப் போகவுமில்லை.