மலைப் பக்கத்துப் பட்டைகள்

கூரை போன சுவரின் மேல் நான்கு இரும்புப் பட்டைகள் வானத்தைப் பார்த்து நின்றன. இளஞ்செழியன் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பட்டைக்கு மூன்று துளை. ஒன்று கிழிந்திருந்தது. மற்ற இரண்டும் ஆணியையே பார்க்காத துளைகள், கடையில் வாங்கியபடியே இருந்தன. நேற்று சாயங்காலம் அடித்த வைகாசிக் காற்று இந்தப் பக்கம்தான் கூரைச் சட்டத்தைப் பிடுங்கியிருக்கிறது. வேலையிலிருந்து வந்து அசந்து படுத்திருந்த வீட்டுக்காரன் மாறன் மேல் அத்தனையும் இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியிலிருந்து உடம்பு இன்னும் வரவில்லை.

அடி அண்ணாமலையில் ஒரு டிரஸ்ட் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த பதினாலு வீட்டுக்கும் இளஞ்செழியன்தான் செக்கிங். சுவரிலிருந்து வரும் பட்டை கூரைச் சட்டத்தைச் சுற்றி வர வேண்டும், பட்டைக்கு மூன்று ஆணி இறங்க வேண்டும், வளைந்த ஆணி கணக்கில் சேராது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொல்லி என்ன பிரயோஜனம்!

இந்த வீட்டில் முகூர்த்த நேரம் முந்திக்கொண்டது. மலைப் பக்கம் பட்டைக்கு ஓர் ஆணி மட்டும் அடித்த நிலையில் பால் காய்ச்சிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அவர் வந்து பார்த்துக் கத்தியபோது, தச்சர் சின்னசாமி சுத்தியலோடுதான் நின்றார்.

"சார் சொன்னா இப்பவே அடிச்சிடறேன். அந்தப் பொண்ணுதான் உடமாட்டேங்குது."

மாறனின் மனைவி பொன்னி குறுக்கே வந்து நின்றாள். "பால் காய்ச்சின ஊட்ல ஒரு மண்டலத்துக்கு சுத்தியல் சத்தம் கேக்கக் கூடாது சார். பழைய ஊட்ல ரெண்டு புள்ளய பறிகுடுத்துட்டு வந்திருக்கேன். நாப்பத்தெட்டு நாள் போவட்டும். உங்க கால்ல வேணா உழுறேன்."

இளஞ்செழியன் சாமி கும்பிடாத வீட்டில் வளர்ந்தவர். அன்றைக்குப் பார்த்து மனசு இளகித் தொலைத்தது. சரிம்மா என்றார். செக்கிங் தாளில் 'மூன்று ஆணி, சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நேற்றோடு நாற்பத்து நான்கு நாள்.

ஏணியிலிருந்து இறங்கியதும் மாறனின் அண்ணன் ராமதாஸ் எதிரே வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"சின்னசாமிய டேசனுக்கு இட்டுனு போயிட்டாங்க சார். ஆணிய தின்னுட்டான் பாவி. நீங்க மூணுன்னு எழுதினதுக்கு அப்புறம் புடுங்கிக்கினு போயிருக்கான். உங்க தாள் ஒண்ணு போதும், உள்ள தள்ளிடலாம்."

தாள் தோள்பையில்தான் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் சின்னசாமி தொலைந்தார். வாயைத் திறந்தால் இவர் தொலைந்தார். வேலை போகும், ஜெயிலும் வரலாம். வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். சீ, நானும் ஒரு மனுஷனா என்று தோன்றிய அதே நேரத்தில், பையின் வாரைக் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"சார்."

வேப்பமரத்தடியில் பெண்கள் நடுவிலிருந்து பொன்னி எழுந்து வந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மிச்ச ஆணி சார். சின்னசாமிண்ணன் குடுத்தது, சாமி மாடத்துல வெச்சிருந்தேன். நேத்து காத்து எடுக்கச்சொல்ல, வெளிய வந்துடுன்னு இவர எழுப்பினேன். சார் பாத்துட்டு சரின்னு தான சொன்னாருன்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப ஒண்ணும் ஆவாதுன்னு திரும்பிப் படுத்துக்கினாரு."

ரோட்டில் ஆஸ்பத்திரி வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பெண்கள் ஓவென்று எழுந்து ஓடினார்கள். பொன்னி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னா சார் அது கையில?" என்றான் ராமதாஸ்.

அவர் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையை நீட்டினார். எட்டு ஆணிகள். நேற்று வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். அது வியர்வையில் கரைந்து அவர் விரலிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.