இரண்டாம் பாதி

திங்கட்கிழமை காலை, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய அறையில், முந்தைய நாள் ஆட்டத்தின் படம் ஓடிக்கொண்டிருந்தது. எமில் ஸ்வோபோடா வீங்கிய முழங்காலை நீட்டி உட்கார்ந்து திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தான்தானா என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம்.

பதினோரு வருடங்களாக அவன் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசையில் ஆடுகிறான். பந்தைத் தொடாத வேலை. எதிரே குனிந்து நிற்கும் இருநூற்று நாற்பது பவுண்டு ஆளை முட்டித் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். அந்த வழியில் வேறொருவன் பந்தோடு ஓடுவான். மறுநாள் செய்தித்தாளில் ஓடியவன் படம் வரும். எமிலுக்கு அதில் வருத்தமில்லை. உருக்காலையில் அப்பாவோடு வெந்துகொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான், முன்பற்கள் இரண்டு போனபோதும் நினைத்தான்.

நேற்றைய முதல் பாதி நன்றாக நினைவிருந்தது. சேறு, ஏரிக் காற்று, எதிராளியின் வாயிலிருந்து வந்த வெங்காய வாடை. இடைவேளைக்குச் சற்று முன் யாருடைய முழங்காலோ காதோரம் இடித்தது. அதற்கடுத்து நினைவில் இருப்பது, வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீர் ஆறிப்போயிருந்ததுதான். நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆனால் திரையில், இரண்டாம் பாதியிலும் அவன் இருந்தான். அவன் இதுவரை ஆடாத ஆட்டத்தை ஆடினான்.

பயிற்சியாளர் ராட்லிஃப் படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினார். "கால வைக்கிறதப் பாருங்கடா. எமிலு, முப்பத்தி நாலு வயசுல எங்கய்யா கத்துக்கிட்ட இத?"

எல்லாரும் சிரித்தார்கள். எமிலும் சிரித்து வைத்தான்.

வெளியே போகும்போது ராட்லிஃப் அவன் தோளைத் தட்டினார். "இந்த வருஷத்தோட உன்ன அனுப்பிடலாம்னு இருந்தேன். இனிமே மாட்டேன். அடுத்த வருஷத்துக்கு வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடு."

ஹோமர் டில் நடைவழியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஆறு வருடங்களாக வரிசையில் எமிலுக்குப் பக்கத்து ஆள்.

"நேத்து நான் உங்கிட்ட ஏதாச்சும் பேசினனா?" என்று கேட்டான் எமில்.

ஹோமர் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஒவ்வொரு தடவையும் 'எந்தப் பக்கம்'னு கேட்ட. நான் இடது, வலதுன்னு சொன்னேன். போய் முட்டுன."

"அவ்வளவுதானா?"

"ஒரு தடவ, நாம எந்த ஊர்ல இருக்கோம்னு கேட்ட."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா உக்கார வெச்சிருப்பாங்க. அப்புறம் வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. என்னைய நீ அப்படிக் காட்டிக் குடுப்பியா?"

அவனுக்கு நன்றி சொல்வதா, சட்டையைப் பிடிப்பதா என்று எமிலுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிவரும்போது வேறொன்று குடைந்தது. நான் இல்லாமலே இவ்வளவு நன்றாக நடக்குமென்றால், இத்தனை வருடமும் உள்ளே இருந்துகொண்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

மனைவி லோரெய்ன் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஈரக்கையோடு வந்து கட்டிக்கொண்டாள். பட்டப்பகலில், வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி பார்க்க, அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

"டொலீடோவுக்கு, எங்கண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். அவன் மரக்கடையில ஆள் வேணுமாம். மார்ச்சுல வந்து சேந்துக்கச் சொல்றான்."

எமில் விழித்தான்.

"என்ன முழிக்கிற? நேத்து தொட்டில உக்காந்து எங்கையப் புடிச்சிக்கிட்டு நீதான சொன்ன, போதும் லோரெய்ன், இந்த வருஷத்தோட விட்டுடறேன்னு? அழுத வேற."

அப்பாவைப் புதைத்த அன்றுகூட அவன் யார் முன்னாலும் அழுததில்லை. நேற்று மைதானத்தில் ஆடியவன், தொட்டியில் அழுதவன், இருவரையும் அவனுக்குப் பழக்கமில்லை. ஒருவன் அடுத்த வருடத்தைச் சம்பாதித்துவிட்டான். இன்னொருவன் அதைக் கொடுத்துவிட்டான். அவர்கள் இருவரும் ஒரே ஆள்தானா என்பதும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தான்.

"நெஜமாத்தான சொன்ன?" என்றாள் லோரெய்ன். அவள் குரல் இறங்கியிருந்தது.

அவளுக்குப் பின்னால், ஏரிக் காற்று கொடியிலிருந்த அவனுடைய பெரிய சட்டைக்குள் புகுந்தது. தோள்கள் விம்மின. கைகள் இரண்டும் எழுந்து பக்கத்துப் படுக்கைவிரிப்பை முட்டித் தள்ளின. காற்று விட்டதும் சட்டை தொங்கிப்போய்ச் சொட்டத் தொடங்கியது. எமில் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.