சனிக்கிழமை வரைக்கும்

இருதயராஜ் பூனையின் முதுகுத் தோலைத் தூக்கிப் பிடிக்க, அமலா ஊசியைக் குத்தினாள். உப்புநீர் உள்ளே தங்காமல் ரோமத்தின் வழியே கசிந்து அவள் மடியை நனைத்தது. இரண்டாவது முறையும் அப்படியே. பதினெட்டு வயது மீனுவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, பதினோரு மாதங்களாகத் தினமும் காலையில் இந்த வேலைதான். பள்ளிக்கூட நாளில் மகள் ஜெசிந்தா, சிங்கப்பூரில் சுவா சூ காங் வட்டாரத்திலிருந்த வீட்டுக்குத் தூக்கிவந்த குட்டி அது. அவள் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள்.

"மூணு நாளா தண்ணிகூட இறங்கல," என்றாள் அமலா. "இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டுபோயிடலாங்க."

"ஜெசிந்தா சனிக்கிழமை வர்றேன்னாளே. அதுவரைக்கும் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்லா."

"பாத்துக்கறது நீங்களா?"

ஆறு வாரமாகச் சமையலறைத் தரையில், பூனைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பவள் அவள்தான்.

மீனு எழப் பார்த்தது. பின்னங்கால்கள் விரிந்து தரையில் சரிந்தது. அப்படியே ஒன்றுக்குப் போய்விட்டு, அந்த ஈரத்திலிருந்து நகர முயன்றது. முடியவில்லை. அமலா துணி எடுத்துவந்து துடைத்தாள். அவர் டாக்சிக்குச் சொன்னார்.

கிளினிக்கில் டாக்டர் ஃபர்சானா மீனுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இனிமே வச்சிருந்தா அதுக்கு வலிதான், ஆன்ட்டி."

அமலா அதன் தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். "போதும்டி. போயிட்டு வா."

டாக்டர் போட்ட கடைசி ஊசியின் மருந்து ஏறி முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அவள் அழவில்லை. தகனத்துக்கான தாளில் கையெழுத்துப் போடப் போனவள் தன் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டாள். அவர் பேனாவை வாங்கித் தானே கையெழுத்திட்டார்.

கிளினிக்கின் கீழ்த்தளத்துக் காப்பிக்கடையில் தேநீருக்கு, இரண்டு 'தே' என்று சொல்லி உட்கார்ந்தார்கள். மேசைமேல் அமலாவின் கைப்பேசி ஒலித்தது. ஜெசிந்தா. அமலா அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருதயராஜ் எடுத்துக்கொண்டு தூணோரம் போனார்.

"மா, மீனு சாப்டுச்சா?"

"அப்பா பேசுறேம்மா. மீனு போயிடுச்சு. ஊசி போட்டாச்சு."

"சாட்டர்டே வர்றேன்னு சொன்னேன்ல? யாருப்பா டிசைட் பண்ணது? அம்மாவா?"

"நான்தான். அம்மா வேணாம்னுதான் சொன்னா."

மகள் அழுது ஓயும்வரை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

திரும்பி வந்தபோது, மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தின் நடுவே, அமலா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். முழங்கையருகே இருந்த கோப்பையை மெல்ல நகர்த்திவைத்தார். பிறகு வெயில் அவள் முகத்தில் விழாதபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.